பாயச வாளி

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு சிறிய மடம். அதை நடத்தியவர் நிர்மலை அம்மையார். அவருடைய சீடர்களில் டயர் கடைக்காரர் தணிகாசலமும் ஒருவர். அம்மையாரைவிடப் பத்து வயது மூத்தவர். குருவிடம் வாயடைத்துப்போகும் நாட்களில் மட்டும் அந்தப் பத்து வயது அவருக்கு ஞாபகம் வரும்.

கம்போடியாவில் போபா என்றொரு ஏழைப் பெண்ணை அவர் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் டாக்டர் பொண்ணு" என்றுதான் சொல்வார். டாக்டர் ஆகப்போவது அவளுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை, மடத்தில் அன்னதானம் நடக்கும்போது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா, போபா படகு எஞ்சின் ரிப்பேர் படிக்கணுமாம். அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து போன் பண்ணாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"சேர்க்க மாட்டாங்க. தையல் ஆலைக்கு வேலைக்குப் போயிடுவா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"டாக்டருக்குப் படிச்சா பணம் கட்டுறேன், இல்லாட்டி இல்லைன்னு சொல்லலாம்னு இருக்கேன். அவ நல்லதுக்குத்தானே? கொடுக்கிறவனுக்கு அதுகூடச் சொல்ல உரிமை இல்லையாம்மா?"

அம்மையார் யோசிக்கவில்லை. "பந்தி நடக்குது. பாயசத்தை நீங்க பரிமாறுங்க" என்றார்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் தணிகாசலம் வாளியைத் தூக்கினார். அன்றைய பாயசம் அவர் உபயம். முந்திரியைப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். வாளி கைக்கு வந்ததும் கவலை பாதி பறந்துவிட்டது.

முதல் சுற்றில் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில், காவலாளிச் சீருடையில் வந்திருந்த ஒரு பெண் இலைக்குக் குறுக்கே கையை வைத்தாள். அவள் அப்போதுதான் மோர்ச்சோறு பிசைந்திருந்தாள்.

"வேணாம் அங்கிள்."

"கூச்சப்படாதம்மா. சும்மா சாப்பிடு."

"இல்ல அங்கிள், மோர்ச்சோறு போதும்."

நம் வீட்டு விருந்தில் போதும் என்பதை யார் நம்புகிறார்கள்? தணிகாசலமும் நம்பவில்லை. அவள் கை கொஞ்சம் விலகிய நேரம் பார்த்து ஒரு கரண்டி ஊற்றினார். வெல்லப் பாயசம் ஓடி மோர்ச்சோற்றில் கலந்தது.

அவள் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனாள்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. அடுத்த இலைக்குப் போகக் கால் வரவில்லை. வாளியோடு அம்மையாரிடம் திரும்பினார்.

"பாயசம் எப்படி?" என்று கேட்டார் அம்மையார்.

"நல்ல பாயசந்தாம்மா."

"அந்தப் பொண்ணு?"

"பசியோட எழுந்துட்டா." அவர் குரல் இறங்கியிருந்தது. "நான் நல்லதுன்னுதான் ஊத்தினேன்."

"தெரியும்."

பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இவ்வளவு முந்திரி போட்ட பாயசத்தை விட்டுட்டு, மோர்ச்சோத்துல அப்படி என்ன கண்டா?"

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நல்ல கேள்வி. என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

தணிகாசலம் வாளியைக் கீழே வைத்தார். "போபாவுக்கு என்னம்மா பதில் சொல்லட்டும்?"

அம்மையார் வாழையிலைக் கட்டிலிருந்து ஒரு புது இலையை உருவி அவரிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணு இன்னும் குழாயடியிலதான் நிக்குது. கூப்பிட்டு உட்கார வைங்க. இதைப் போட்டுட்டு, என்ன வேணும்னு கேளுங்க. கேட்டுட்டு, அதையே போடுங்க."