இருபத்திமூணு பேரும் ரெண்டு படகும்

ஒரு ஊர்ல ஒரு ஆறு, ஆத்து நடுவுல ஒரு மணல்திட்டு. திட்டுல இருபத்திமூணு பேர் குடியிருந்தாங்க. எண்ணிக்கையை மறக்காத, அப்புறம் கேட்டா சொல்ல மாட்டேன். ம்?

அவங்ககிட்ட ரெண்டு படகு. சின்னதுல சரியா அஞ்சு பேர் ஏறணும், பெரிசுல சரியா ஏழு பேர். ஒண்ணு குறைஞ்சா நகராது, ஒண்ணு கூடினா தொபுக்கடீர்னு கவுத்துடும். குண்டா ஒல்லியான்னு பாக்காது, மூச்சைத்தான் எண்ணும். அக்கரையில இறக்கிட்டுக் காலியாத் தானா திரும்பி வரும், அங்கேருந்து யாரையும் ஏத்தாது. எப்படின்னு கேக்காத, வரும்.

அஞ்சும் ஏழும் அடுத்தடுத்த பகா எண். எதுக்கும் பிரிஞ்சு கொடுக்காத பிடிவாதம் ரெண்டுக்கும்.

ஒருநாள் சோன்னு மழை. தண்ணி மளமளன்னு ஏறுது. பொழுது சாயறதுக்குள்ள திட்டே முங்கிடும்.

அப்போ ஊர்ப்பெரியவர் பரமன் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் கணக்குப் பார்த்தார். முதல்ல, பெரிசு மூணு நடை. ரெண்டு பேர் மிச்சம். அப்புறம், பெரிசு ரெண்டு, சின்னது ஒண்ணு. நாலு பேர் மிச்சம். அப்புறம், பெரிசு ஒண்ணு, சின்னது மூணு. ஒரே ஒருத்தர் மிச்சம். பெரிசே வேணாம்னு விட்டாலும் மூணு பேர் நின்னாங்க.

"ஒருத்தர்தானே, விட்டுட்டுப் போலாம்"னார் பரமன். அவர் கண்ணு நிறைமாசமா இருந்த செங்கமலம் மேல போச்சு.

அவ மாமியார் வீராயிக்குச் சுர்ருனு வந்துச்சு. "அப்போ நீங்க இருங்களேன்!"

"நானா? எனக்கு நீச்சல் தெரியாதே!"

"அவளுக்கு மட்டும் தெரியுமா?"

அவ்ளோதான். வீராயி மணல்ல சப்புனு உக்காந்துட்டா. "போனா எல்லாரும் போவோம்." ஒவ்வொருத்தரா எல்லாரும் உக்காந்தாங்க. பரமனும் முனகிக்கிட்டே உக்காந்தார். தண்ணி பாதத்தைத் தொட்டுச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்போ செங்கமலம் "அம்மா!"ன்னு கத்தினா. பொம்பளைங்க சேலையைத் திரையாப் பிடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல, "ங்ஙா! ங்ஙா!" பொண்ணு.

பரமன் அவசரமா விரலை மடக்கினார். "இருபத்திநாலு! பெரிசு ரெண்டு நடை, சின்னது ரெண்டு நடை. மிச்சமே இல்ல!"

சளக், சளக், சளக்னு எல்லாரும் அக்கரை சேர்ந்தாங்க. செங்கமலத்தை விட்டுட்டு முன்னாடியே கிளம்பியிருந்தா, தாயும் புள்ளையும் ரெண்டே பேர். எந்தப் படகும் நகர்ந்திருக்காது.

பரமன் அந்தப் பிஞ்சுக் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். "வந்தியே தாயீ. நான் ஒரு தலையைக் குறைக்கப் பார்த்தேன், நீ ஒரு தலை கூடி வந்து எங்களைக் காப்பாத்திட்ட."

அதுக்கப்புறம் இருபத்தஞ்சு, இருபத்தாறு, முப்பதுன்னு எத்தனை பேர் ஆனாலும் அந்தப் படகுங்க யாரையும் மிச்சம் வெக்கல. இருபத்திமூணுதான் கடைசி முரண்டு.

கதை கரையேறிடுச்சு. நீயும் கண்ணை மூடு.