மலைக்குக் கொசுறு

ஏழு கடலுக்கும் நடுவே, வெகு வெகு காலத்துக்கு முன்னால், மிளகுத்தீவு என்று ஒரு தீவு இருந்தது, கேளுங்கள். அங்கே ஒச்சாயி என்று ஒரு மிளகுக்காரி. அவள் பேரம் பேச உட்கார்ந்தால் கப்பல்காரனுக்கே வியர்த்துவிடும். கோபம் வந்தாலோ, அவள் விற்கும் மிளகே காரம் கம்மி.

ஒருநாள் மூடுபனி மந்திரவாதி வந்தான். ஊதினான், துறைமுகத்தைப் பனி மூடிக்கொண்டது. வேறு கப்பலுக்கு வழி தெரியவில்லை.

"மிளகு எங்க ராஜாவுக்கு மட்டும். நான் சொல்றதுதான் விலை!"

அள்ளிக்கொண்டு போனான், விற்றுப் பொன்னாக்கினான், ராஜாவின் பெட்டகத்தில் பூட்டினான். பொன் அங்கேயே தூங்கியது.

அடுத்து வந்தான் சிரித்தமுக மந்திரவாதி. கை தட்டினான், பனி கலைந்தது, பழையவன் ஓடினான்.

"எந்தக் கப்பலும் வரட்டும், எவரும் வாங்கட்டும்! எனக்கு மலையை மட்டும் வித்துடுங்க."

ஒச்சாயி விடுவாளா? தன் மலைச்சரிவுக்கு ஒரு வெள்ளிக்காசு என்றவனை மூன்றுக்கு ஏற்றினாள். ஊரும் அதே விலைக்கு விற்றது. ஜெயித்த மிதப்பில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தனக்கென்று பறிக்க மிளகுக்கொடியில் கை வைத்தால் விரல் மரத்துப்போனது. கூலிக்கு வந்தவர் கைக்குத்தான் கொடி வளைந்தது. ஊரே கூலிக்குப் பறித்தது. அவன் காசு தூங்கவே இல்லை. ஊன்றினால் முளைத்தது, முளைத்த காசு அடுத்த மலையை வாங்கியது, அந்த மலையும் காசாய் முளைத்தது. கூலி மட்டும் முளைக்கவில்லை.

"முன்னவன் கதவைப் பூட்டினான். இந்தப் பய கதவைத் திறந்துவிட்டு வீட்டையே தூக்கிட்டான்!" என்று கொதித்த ஒச்சாயி நேரே அவனிடம் போனாள்.

"மலையைத் திருப்பிக் குடுய்யா."

"முடிஞ்ச வியாபாரம்மா. முடிஞ்ச வியாபாரத்துல என் மந்திரத்தை எவராலும் அவிழ்க்க முடியாது."

ஒச்சாயி இடுப்பில் கை வைத்தாள். "முடிஞ்சதா? நான் இன்னும் கொசுறே குடுக்கலையே!"

"கொசுறா?"

"வித்தவங்க கூடுதலா சும்மா போடுற ஒரு பிடி. கீரைக்கட்டுக்கே உண்டு, மலைக்கு இல்லியா? கொசுறு விழாம எங்க ஊர்ல வியாபாரம் முடியாது. நான் குடுக்க மாட்டேன். நீயா 'வேண்டாம்'னு சொன்னா முடிஞ்சது."

ஒரே வார்த்தை. ஆனால் சும்மா வருவதை வேண்டாம் என்று அவன் நாக்கு சொன்னதே இல்லை.

"வே..." என்றான். "வேண்..." என்றான். மூன்றாம் தடவை முக்கி முனகி, "வேணும்!" என்று கத்திவிட்டான்.

"அப்ப பேரம் இன்னும் நடக்குது. நான் விக்கலை. போடா!"

மூன்று காசையும் அவன்மேல் வீசினாள். முளைத்த காசெல்லாம் பதராய்ப் பறந்தது. பதரோடு அவனும் பறந்தான். ஊரில் எவருமே கொசுறு கொடுத்திருக்கவில்லை, அதனால் எல்லா மலையும் மலைக்காரர்கள் கைக்கு வந்தது. துறைமுகம் திறந்தே கிடந்தது.

ஒச்சாயி மிளகு விற்கிறாள். அவள் குரல் கேட்டால் மாலுமிகள் பாய்மரத்துக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அவர்கள் பாடு அது. தீவு நன்றாக இருக்கிறது, நாமும் நன்றாக இருப்போம்.