மேலேயா, கீழேயா

"டீச்சர், பட்டியல் மேலே போகுதா, கீழே போகுதான்னு இந்தப் போனுக்குத் தெரியவே மாட்டேங்குது."

உட்காரும் முன்பே ஆரோக்கியசாமி முறையிட்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொடுக்கும் பர்வீன் டீச்சருக்கு முப்பத்தொன்று.

ஆரோக்கியசாமி செயலி எழுதியது மனைவி லில்லிக்காக. திண்டுக்கல்லில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும், கொடுப்பவரைத் தேடிப்பிடித்துப் போன் செய்வது லில்லிதான். கை நடுக்கம் வந்ததிலிருந்து சின்ன எழுத்துகளைத் தொட முடியவில்லை. அதனால் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலின் அடியில் பெரிதாக ஒரு பொத்தான். கீழே தள்ளும்போது அது மறைய வேண்டும். மேலே இழுத்தால் வர வேண்டும். அழுத்தினால் நடுவில் நிற்கும் பெயருக்குப் போன் போகும்.

"நான் ஏழாவது படியில நிக்கிறேன்," என்றார் டீச்சர். "ஏறுறேனா, இறங்குறேனா?"

"ஏழுன்னு மட்டும் சொன்னா எப்படி? முன்னாடி எந்தப் படியில நின்னீங்க?"

டீச்சர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

ஆரோக்கியசாமி விழித்தார். பிறகு அவசரமாக மடிக்கணினியைத் திறந்தார். பட்டியல் சற்றுமுன் இருந்த இடத்தை நினைவில் வைக்கும்படி எழுதினார். இப்போதைய இடம் அதைத் தாண்டியிருந்தால் கீழே. இல்லையென்றால் மேலே.

அவர் விரலுக்குப் பொத்தான் சொன்னபடி கேட்டது.

மறுநாள் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"லில்லி கையில கொடுத்தேன் டீச்சர். பொத்தான் வருது, போகுது, வருது, போகுது. அவ அழுத்தறதுக்குள்ள காணோம். சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொடுத்துட்டா. இனிமே இந்த ரத்த வேலையை வேற யாராவது பாக்கட்டும்னுட்டா."

போனை மேசைமேல் வைத்தார்.

"கை நடுங்குறதையெல்லாம் இந்தப் போன் திசைன்னு நினைச்சுக்குது."

டீச்சர் எழுந்து வாசல்வரை போனார். அங்கிருந்து தள்ளாடியபடி அவரை நோக்கி நடந்தார். இரண்டடி முன்னால், அரையடி பின்னால்.

"வர்றேனா, போறேனா?"

"வர்றீங்க."

"நடுவுல பின்னாடி போனேனே அண்ணே?"

"அரையடிதானே டீச்சர், அதைப் போய்..."

ஆரோக்கியசாமி நிறுத்திவிட்டார்.

மடிக்கணினியைத் திறந்தபடி கேட்டார்: "எவ்வளவு நகர்ந்தா கணக்குல எடுக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய் அவங்க கையைப் பிடிச்சுப் பாருங்க."

போனார். லில்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன, நாடி பாக்குறீங்களா?"

"பேசாம இரு. அளக்குறேன்."

வெகுநேரம் அளந்தார். நடுக்கம் அரை விரல் அகலத்தைத் தாண்டவில்லை. ஒரு விரல் அகலம் நகர்ந்தால்தான் திசை மாறியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, ஒரு கையாலேயே தட்டித் தட்டி எழுதி முடித்தார்.

பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் வேண்டும் என்று அப்போதுதான் பெரியாஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள்.

லில்லி வலது கையால் பட்டியலைத் தள்ளினாள். தேடிய பெயர் தாண்டிப் போனது. மேலே இழுத்தாள். பொத்தான் வந்தது.

கை நடுங்கியது. பொத்தான் அப்படியே நின்றது.

அழுத்தினாள்.

"ஜாகீரா? லில்லி அக்கா பேசுறேன்ப்பா. ஓ நெகட்டிவ் வேணும், உடனே பெரியாஸ்பத்திரிக்கு வர முடியுமா? ... கிளம்பிட்டியா, நல்லா இருப்ப. ... நான் நல்லா இருக்கேன். ... அண்ணனா? இங்கதான் இருக்கார். கையை விட மாட்டேங்கிறார்."