மயில் விரட்ட வந்த லில்லி

கோணவலசில் குப்பண்ணன், நாச்சிமுத்து, சென்னியப்பன், செங்கோடன் என்று நான்கு பங்காளிகள் இருந்தார்கள். பாட்டன் விட்டுப்போன தோட்டத்தைப் பாகம் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். புத்தியும் அப்படித்தான். நால்வருக்கும் சேர்த்து ஒன்று இருந்தது, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் யாரென்றுதான் ஊருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மூன்றாமவன் சென்னியப்பன் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன். "எங்க நாலு பேர்ல நான்தான் கொஞ்சம் யோசிக்கிறவன். அதனாலதான் இத்தனை நட்டம்" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அந்த ஆடியில் நிலக்கடலை போட்டார்கள். விதை உள்ளே போவதற்குக் காத்திருந்த மாதிரி மயில்கள் வந்து இறங்கின. போன வருஷமும் இதே கதைதான். தகர டப்பாவைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். முதலில் பயந்த மயில்கள், போகப் போக, தகரச் சத்தம் கேட்டால் பந்தி போட்டாயிற்று என்று எண்ணிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தன.

வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவு சொல்லிவிட்டார்கள். இந்த வெள்ளாமையும் மயிலுக்கே போனால் தோட்டத்தை நாலாகப் பிரித்துவிட வேண்டியது. நால்வரும் பயந்துபோனார்கள். பிரித்துவிட்டால் ஆளுக்கொரு மூலையில் தனியாக யோசிக்க வேண்டி வருமே.

சென்னியப்பனுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம். அவன் மனைவி பெயர் மயிலாத்தா. 'இந்த மயில் தொல்லை என்னைக்குத் தீருமோ' என்று வீட்டில் வாய்விட்டுப் புலம்பக்கூட முடியாது.

எருமைக்கு ஊசி போடப் போன இடத்தில், கால்நடை டாக்டர் வசுமதி அம்மாவிடம்தான் அவன் மனம் விட்டுப் பேசினான். டாக்டரம்மாவின் காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. செம்மண் நிறம். முகத்தைவிடக் காது நீளம். இப்போதுதான் யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு பார்வை.

"மயிலா? இதோ இவ வேலையே பறவையைக் கிளப்பறதுதான்" என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே. "ஸ்பானியல். பேரு லில்லி. பூர்வீகம் ஸ்பெயின்னு சொல்லுவாங்க, அதனாலதான் ஸ்பானியல்னு பேரு. வேட்டைக்காரங்க கூடப் போய், புதர்ல பூந்து பறவையைக் கிளப்பி விடும். சுட்டு விழுந்ததைப் பல்லுப் படாம கவ்விட்டு வரும். இதுலயே சின்ன ஜாதியை ராஜாக்கள் மடியிலேயே வெச்சுக்கிட்டாங்க."

மகள் பிரசவத்துக்காக அவர் பெங்களூரு போக வேண்டியிருந்தது. நாயை விட்டுச்செல்ல நல்ல மனுஷராகத் தேடிக்கொண்டிருந்தார். புத்திசாலி வேண்டுமென்று அவர் கேட்கவில்லை, சென்னியப்பனுக்கு அது வசதியாகப் போயிற்று.

"ரொம்ப மென்மையான சுபாவம். குரலை உசத்தினீங்கன்னா வாடிப்போயிடுவா. தனியா விடவே கூடாது. சாப்பிடும்போது காது தட்டுல விழாமப் பார்த்துக்கணும். முக்கியமா, அவ கண்ணைப் பார்த்தீங்கன்னா உங்க சோத்தையும் குடுத்துடுவீங்க. பார்க்காதீங்க."

சென்னியப்பன் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, எருமையோடு நாயையும் கூட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அன்றைக்கே கூட்டம் கூடியது. டாக்டரம்மா சொன்னதை அவன் ஒன்று விடாமல் ஒப்பித்தான். மூத்தவர் குப்பண்ணன் வெகுநேரம் மீசையைத் தடவினார்.

"ஸ்பெயின் நாய்னா தமிழ் புரியுமா?"

"புரியாதுங்கண்ணா" என்றான் நாச்சிமுத்து. "ஆனா மயிலுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அது முருகன் கிட்ட இருக்கறது."

"அப்ப இது போன்னு சொன்னா அதுக்குப் புரியாது. அது மாட்டேன்னு சொன்னா இதுக்குப் புரியாது. சண்டை எப்படி வரும்?"

"நடுவுல பேச்சு வார்த்தைக்கு ஒரு ஆள் வேணும்" என்றான் சின்னவன் செங்கோடன்.

ரெண்டு பாஷையும் தெரிந்த ஆள் தாராபுரம் வரைக்கும் கிடையாது என்பதால் அந்தப் பேச்சை அதோடு விட்டார்கள். அடுத்த கேள்வி எழுந்தது. இது ராஜா மடியில் இருந்த வம்சமா, புதரில் பூந்த வம்சமா?

"நாயையே கேட்டுருவோம்" என்றான் சென்னியப்பன். யோசனை அவனுடையதுதான்.

மறுநாள் காலையில் தோட்டத்தில் ஒரு பக்கம் செங்கோடன் சம்மணம் போட்டு, மடியில் துவைத்த துண்டை விரித்து உட்கார்ந்தான். இன்னொரு பக்கம் சங்கம்புதருக்குள் குப்பண்ணன் பறவையாக உட்கார்ந்தார். நடுவில் லில்லியை அவிழ்த்துவிட்டார்கள். அது மடியையும் பார்த்தது, புதரையும் பார்த்தது. பிறகு நேராக வேப்பமரத்தடிக்குப் போய், மூடியைத் தட்டிவிட்டு, சோறு வைத்திருந்த தூக்குப்போசிக்குள் தலையை விட்டது.

"தூக்குப்போசி வம்சம்" என்று குறித்துக்கொண்டார் குப்பண்ணன், உடம்பெல்லாம் முள்ளோடு.

சாப்பாட்டு விஷயத்தில் அவர்கள் டாக்டரம்மா சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்கள். லில்லி சாப்பிடும்போது நாச்சிமுத்து ஒரு காதையும் செங்கோடன் ஒரு காதையும் பிடித்துக்கொண்டு, சாமிக்குக் குடை பிடிக்கிற பவ்யத்தோடு நிற்பார்கள். தங்கள் சாப்பாட்டு நேரத்தில் அதன் கண்ணைப் பார்த்துவிடக் கூடாதென்று நால்வரும் அதற்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்து, தட்டைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். கையைப் பின்னால் விட்டு எடுத்துச் சாப்பிடுவது சிரமம்தான். முதல் கவளம் கிடைத்தது. அப்புறம் தட்டு காலியாக இருந்தது.

"நல்லவேளை, கண்ணைப் பார்க்கல. பார்த்திருந்தா இருக்கற சோறும் போயிருக்கும்" என்றான் செங்கோடன். லில்லி ஒரு சுற்றுப் பெருத்தது. அவர்கள் ஒரு சுற்று இளைத்தார்கள்.

வினை வந்தது குரல் விஷயத்தில். குரலை உயர்த்தினால் லில்லி வாடிவிடும். ஆகவே தகர டப்பாவைக் கிணற்றுமேட்டில் புதைத்தார்கள். தோட்டத்துக்குள் எல்லோரும் காதோடு காதாகத்தான் பேசினார்கள். மயில்கள் இறங்கினால், "ஏனுங், கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா" என்று நாச்சிமுத்து கிசுகிசுப்பான். மயில்கள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். மயிலைக் கிளப்ப வேண்டிய லில்லி, குப்பண்ணன் மடியில் குறட்டை விடும். குறட்டை கலையக் கூடாதென்று அவர் தும்மலையும் அடக்கிக்கொள்வார்.

'இந்த நாயைக் கூட்டிட்டு வந்தது யாரு? நான். யோசனை சொன்னது யாரு? நான். இந்த மண்டையை இறக்கி வெச்சுட்டு வர ஒரு இடம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்' என்று சென்னியப்பன் வரப்பில் உட்கார்ந்து தன்னையே நொந்துகொண்டான்.

ஒரு நாள் லில்லிக்கு முன்னால் ஒரு ஓணான் ஓடியது. லில்லி வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து ஓடியது. தனியாக விடக் கூடாதே. நால்வரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். கூப்பிட்டால் வாடிவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல், கடலைச் செடிகளுக்கு நடுவே நாலு ஆம்பிளைகள் ஓடிவந்தார்கள்.

மயில்களுக்குத் தகரம் தெரியும், கூச்சல் தெரியும், வெடியும் தெரியும். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அத்தனையும் ஒரே அடியாக எழும்பி, வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டன.

"கிளப்பிருச்சு பாத்தீங்களா" என்று மூச்சு வாங்கக் கிசுகிசுத்தார் குப்பண்ணன்.

அதிலிருந்து லில்லி தினமும் ஓணான் துரத்தியது, அவர்கள் லில்லியைத் துரத்தினார்கள், மயில்கள் பறந்தன. கடலைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆனால் அந்த ஓட்டத்தில் லில்லி ஒரு நாள் வாய்க்கால் ஓரப் புதருக்குள் பூந்து, வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து சென்னியப்பன் காலடியில் வைத்தது. முட்டை. கோழி முட்டையைவிடப் பெரிசு. ஒரு கீறல் இல்லை. திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்தது. அப்புறம் இன்னும் சில.

"மயில் முட்டை. வனத்துறை பார்த்தா உள்ள தள்ளிருவாங்க" என்றான் நாச்சிமுத்து.

"எடுத்த இடத்துலயே வெச்சுருவோம்" என்றார் குப்பண்ணன்.

"எடுத்த இடம் நமக்குத் தெரியாதே."

"எடுத்தவளுக்குத் தெரியுமில்ல. அவகிட்டயே குடுத்து அனுப்பு."

லில்லியின் வாயில் ஒரு முட்டையைப் பதமாக வைத்து, புதர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது வாய்க்கால் வரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து அதே முட்டையைச் சென்னியப்பன் காலடியில் வைத்தது. மறுபடியும் அனுப்பினார்கள், மறுபடியும் வந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் அந்த முட்டை போவதும் வருவதுமாக இருந்தது.

"இது கொண்டுவர்ற வம்சம்" என்று முடிவு கட்டினான் செங்கோடன். "கொண்டுபோற வம்சம் வேற இருக்கும்."

வேறு வழி தெரியாமல், மயிலாத்தா அடை வைத்திருந்த கோழிக்கு அடியில் முட்டைகளைச் செருகிவிட்டான் சென்னியப்பன். நாள் ஆகி நாலு குஞ்சு பொரிந்தது. கோழி அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. லில்லி போகவில்லை. குஞ்சுகள் அதன் முதுகில் ஏறின, வயிற்றில் படுத்தன, குளிருக்கு அதன் காதுக்கு அடியில் ஒண்டிக்கொண்டன. அது நடந்தால் வரிசையாகப் பின்னால் நடந்தன.

கார்த்திகையில் கடலையைப் பிடுங்கினார்கள். பாதிக்கு மேல் தேறியிருந்தது. கோணவலசில் அந்த வருஷம் வேறு எந்தத் தோட்டத்திலும் அவ்வளவு தேறவில்லை. பெண்கள் கடலைக்கொடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, பாகப் பேச்சை விட்டார்கள்.

"நாய் கெட்டிக்காரிதான்" என்றாள் மயிலாத்தா.

"நாய் எங்க மயிலைக் கிளப்புச்சு? நாங்கதான் கிளப்பினோம்" என்றான் சென்னியப்பன். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அப்படின்னா ஸ்பானியல் நாங்கதான்."

மயிலாத்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பிராணியை எதுக்குக் கேவலப்படுத்தறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா பெங்களூரிலிருந்து திரும்பிவிட்டதாகச் சேதி வந்தது. சென்னியப்பன் லில்லியை மினி பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு நால்வரும் தட்டை முன்னால் வைத்துச் சாப்பிட்டார்கள். சோறு நிறைய இருந்தது, இறங்கத்தான் இல்லை. குப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

கொஞ்சம் வளர்ந்துவிட்ட குஞ்சுகள் நாலும் லில்லியைத் தேடிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தன.

"இதுகளை என்ன பண்றது?" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் யோசித்தான். யோசிக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டும் யோசித்தான்.

"பெத்தவ மயிலா இருக்கலாம். வளர்த்தவ யாரு? படுக்கை, நடை, சுபாவம் எல்லாம் யாருது? இதுக நாலும் ஸ்பானியல்தான். அடுத்த வெள்ளாமைக்குக் காவல் வெளிய போய்த் தேட வேண்டாம்."

இவ்வளவு தெளிவாக அவன் பேசி மற்றவர்கள் கேட்டதில்லை. அடுத்த வாரமே நால்வரும் ஆளுக்கொரு கூடையோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் வசுமதி மூடியைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சென்னியப்பன், இது என்ன?"

"லில்லி வளர்த்த குட்டிங்க டாக்டரம்மா. நல்லா சாப்பிடுதுக, நல்லா ஓடுதுக. ஒரே ஒரு குறைதான்." அவன் கூடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "குரைக்கும்போது குரல் ஒரு மாதிரி வருதுங்க. தொண்டையைக் கொஞ்சம் பாருங்க."