பியூலா கழற்றிய காயில்

குலசேகரத்துப் பக்கம் ரப்பர் மரம் அறுக்கிறவர்களின் பவர் சா பழுதானால் பியூலாவின் கடைக்குத்தான் வரும். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவளிடம் வேலை பழகிய தேவநேசனுக்கு அறுபத்தொன்று. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய பவர் சாக்களைத் தேடிப் பிடித்து, ஓட வைத்து, வீட்டில் வரிசையாக அடுக்குவதில் அவருக்குப் பைத்தியம். அவளை “ஆசானே” என்றுதான் கூப்பிடுவார். அவள் “சார்” என்பாள்.

அன்று காலை கடை திறக்கும்போதே வந்து நின்றார். கையில் ஐம்பது வருடத்துப் பழைய பவர் சா மெஷின். ஏழு மாதமாக இருவரும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது. தீப்பொறி தருகிற கம்பிச்சுருளான காயில் மட்டும் செத்துப் போயிருந்தது. அந்தக் காயில் எங்கேயும் அகப்படவில்லை.

“ஆசானே, நேத்து புனலூர் போனேன்!”

“கிடைச்சுதா?”

“இல்ல. ஆனா இரும்புக் கடைப் பெட்டிக்குள்ள கையை விட்டேன் பாருங்க, விரல்ல இதே வடிவம் தட்டுப்பட்டுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டுது. வெளிய எடுத்தா வேற மெஷினோடது. அடுத்த வாரம் தென்காசிக்குப் போறேன். அங்க ஒரு கடை இருக்காம்.”

பியூலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்தட்டில் அதே ரக மெஷின் ஒன்று துணி போர்த்தி இருந்தது. பியூலா முதன்முதலில் உயிர்ப்பித்தது. தேவநேசன் அதை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணு கேக்கலாமா? அது நல்லா ஓடும்னு சொல்றீங்க. நான் வந்த நாளிலிருந்து நீங்க அதைத் தொட்டுப் பாத்ததே இல்லையே. ஏன் ஆசானே?”

பியூலா மேல்தட்டுக்கு எட்டினாள். மெஷினை இறக்கித் துணியை உருவினாள். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பில் ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“ஐயோ ஆசானே, வேண்டாம்!”

அதற்குள் காயில் அவள் உள்ளங்கையில் இருந்தது.

“கெட்டியா ஒரு கார்டு இருந்தா குடுங்க சார்.”

அவர் பையில் எப்போதும் அஞ்சலட்டை இருக்கும். காயிலை அவருடைய மெஷினில் பொருத்தி, சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவே அந்த அட்டையை இடைவெளிக்கு வைத்து, திருகுகளை முடுக்கி, அட்டையை உருவினாள்.

“இழுங்க.”

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் நீலப் புகை. நான்காவதில் மெஷின் கத்திய கத்தலில் எதிர் டீக்கடையில் கிளாஸோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“ஓடுது! ஆசானே, ஓடுது!”

வாசலில் கிடந்த ரப்பர் மரத் தடியில் வைத்தார். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. மரத்தூள் தலையெல்லாம் கொட்டியது. தடி இரண்டாகி விழுந்ததும், நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் குதித்தார். டீக்கடையில் யாரோ கைதட்டினார்கள்.

மூச்சு வாங்க உள்ளே வந்தார். மேசைமேல் பியூலாவின் மெஷின் திறந்து கிடந்தது. காயில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

“இனி உங்க மெஷின் ஓடாதே ஆசானே…”

பியூலா கையைத் துடைத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய பையைத் தோளில் மாட்டினாள். ஷட்டர் கம்பியை எடுத்தாள். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பிள்ளையைப் போல அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“ஏழு மாசமா நீங்க தேடி அலையறதைப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? வாங்க சார், பஸ் போயிரும். தென்காசியில அந்தக் கடை எந்தத் தெருவுல?”