இருநூற்றுப் பன்னிரண்டு ஒற்றைக்கொம்பன்கள்

மேட்டுநாடு, பள்ளநாடு, ஆற்றுநாடு, கரட்டுநாடு என்று நான்கு நாடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மன்னர்கள் வேறு, அளக்கிற படி வேறு, பஞ்சாங்கம்கூட வேறு. யானைகள் மட்டும் பொது. அவை எந்த நாட்டுக் கரும்பையும் வித்தியாசம் பார்க்காமல் தின்றன. அதனால் நான்கு நாடுகளும் கூடிப் பொதுமன்றம் ஒன்று வைத்து, யானைகளுக்கென்று ஒரே கொள்கை வகுத்தன. அது ஆகிப் பத்து வருஷம்.

அந்தக் கொள்கை எப்படி நடக்கிறது என்று மதிப்பிட நியமிக்கப்பட்டவர் விடங்கர். ஐம்பத்தெட்டு வயது, நல்ல தொப்பை, அதைவிட நல்ல கையெழுத்து. மனிதர் ஓர் ஆண்டு முழுக்க அலைந்தார். காட்டுக்கு அல்ல, தலைநகரங்களுக்கு. அங்கங்கே கொடுத்த ஓலைகளை வாங்கி, மன்றம் கொடுத்த கரி பூசிய துணிச்சுருளில், வெள்ளைக் கோட்டால் பிரித்திருந்த நான்கு கட்டங்களில் அழகாக எழுதி முடித்துவிட்டார். நாளைக் காலை மன்றத்தில் வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. வாசித்தால் கொள்கை இன்னும் பத்து வருஷம் நீளும். விடங்கர் மன்றத்தின் நிரந்தரச் செயலர் ஆவார். செயலருக்குப் பல்லக்கு உண்டு. விடங்கருக்கு முழங்கால் வலி உண்டு. ஆகையால் பல்லக்கின்மேல் அவருக்குத் தனி ஆசை.

ஒரே ஒரு தடங்கல். எழுதியவரின் குரு கட்டைவிரல் ரேகை வைத்தால்தான் மன்றம் எந்த மதிப்பீட்டையும் ஏற்கும். விடங்கரின் குரு செவ்வந்தியம்மை, அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். யானைக் கொள்கையின் மூல வாசகத்தை எழுதியவரும் அவர்தான். ஏழு வருஷத்துக்கு முன் மன்றத்தை விட்டுவிட்டு, நான்கு நாட்டு எல்லைக்கற்களும் சந்திக்கும் நாற்கல் என்ற இடத்தில், மயிலாத்தா என்பவளின் வாழைத்தோட்டத்தில் குடிசை போட்டுக்கொண்டார். ஏன் போனார் என்று மன்றத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் நியமிக்கப்படவில்லை.

அன்று காலையில் விடங்கர் அங்கே போய்ச் சேர்ந்தபோது குரு தோட்டத்துப் பரண்மேல் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கீழே மயிலாத்தா மிதிபட்ட கன்றுகளை நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தாள். விடங்கர் மூச்சு வாங்க ஏணியில் ஏறினார்.

"அம்மையே, ரேகை வைக்கணும்."

"வச்சுட்டாப் போச்சு. என்ன கண்டுபிடிச்சீங்க?"

விடங்கர் சுருளைப் பிரித்தார். "போன வருஷம் நாலு நாடும் சேர்ந்து வெளியேத்தின யானைகள் இரண்டாயிரத்து எண்ணூறு. கொள்கை பெரிய வெற்றி."

"வேறே?"

விடங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். "அதுல இருநூற்றுப் பன்னிரண்டு ஒற்றைக்கொம்பன். நாலு நாட்டு ஓலையிலயும் வருது. அத்தனைக்கும் இடது கொம்புதான் இல்லை. இந்தப் பக்கத்துத் தண்ணியில ஏதோ கோளாறு இருக்கணும்னு தனியா ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்."

கீழே மயிலாத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். குரு தண்டிலிருந்த நாரை விரலில் சுற்றி எடுத்துப் போட்டார்.

"இன்னொண்ணும் கேட்கணும் அம்மையே. பல நாடு சேர்ந்து ஒரு கொள்கையை எப்படி உண்டாக்குது, எப்படி வளர்க்குது, எப்படி மதிப்பிடுது? செயலர் ஆகிட்டா என்கிட்ட இதைத்தான் எல்லாரும் கேட்பாங்க."

"முதல் ரெண்டையும் நான் சொல்றேன். மூணாவதை நீங்க செய்யுங்க."

"சரி."

"மன்றத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு பேரும் ஒரே பானை மோரைக் குடிச்சாத்தான் தீர்மானம். யானைக்குக் காட்டுக்குள்ளயே குட்டை வெட்டணும், மூங்கில் வைக்கணும்னு நான் எழுதிக் கொண்டுபோனேன். யார் காட்டுல வெட்டறதுன்னு மூணு நாள் சண்டை. மோர் புளிச்சுப்போச்சு. நாலாம் நாள் வாசகத்திலேர்ந்து குட்டையை அடிச்சுட்டாங்க, மூங்கிலை அடிச்சுட்டாங்க. அவங்கவங்க நாட்டைவிட்டு யானையை வெளியேத்தணும்கிறது மட்டும் மிஞ்சிச்சு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சுட்டாங்க."

"அப்புறம் வளர்ந்தது?"

"முதல் வருஷம் ஒரு தம்பட்டம். அடுத்த வருஷம் நாலு. அப்புறம் தீப்பந்தம். அதுக்கப்புறம் தம்பட்டம் அடிக்கிறவங்களுக்குச் சிவப்புத் தலைப்பாகை. அதிக யானையை வெளியேத்தின நாட்டுக்குப் பொன்னாடை. வாசகம் எழுதினதுக்கு எனக்கும் ஒண்ணு போர்த்தினாங்க."

தோட்டத்து நடுவில் வைக்கோல் பொம்மை ஒன்று பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றது. விடங்கர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்.

குரு ஒரு சுண்ணாம்புக் கலயத்தையும், நுனியில் தேங்காய் மட்டை கட்டிய நீள மூங்கிலையும் அவரிடம் நகர்த்தினார்.

"இந்தப் பரணுக்குக் கீழே யானை போகும்போதெல்லாம் முதுகில ஒரு கோடு போடுங்க. சாயங்காலம் ரேகை வைக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் மேட்டுநாட்டுப் பக்கம் தம்பட்டம் முழங்கியது. ஒற்றைக்கொம்பன் ஒன்று எல்லைக்கல்லைத் தாண்டி வந்து, ஏழெட்டு வாழையை மிதித்து, ஒரு குலையைத் தின்று, பள்ளநாட்டுப் பக்கம் போயிற்று. விடங்கர் ஒரு கோடு போட்டார்.

"ஒண்ணு," என்றார் திருப்தியாக.

வெயில் ஏறுவதற்குள் பள்ளநாட்டில் தம்பட்டம். ஒற்றைக்கொம்பன் வந்தது. முதுகில் ஒரு கோடு இருந்தது.

"அம்மையே, இது..."

"கோடு போடுங்க."

போட்டார். அது ஆற்றுநாட்டுக்குப் போயிற்று. உச்சிக்குப் பிறகு அங்கேயும் சிவப்புத் தலைப்பாகைகள் தெரிந்தன. இந்த முறை யானை தானாகவே பரணுக்குக் கீழே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது கோடு. கரட்டுநாட்டுக்குப் போய், வெயில் தாழும் நேரத்தில் திரும்பி வந்தபோது அதற்கு நடக்கவே முடியவில்லை. பொன்னாடைப் பொம்மையின்மேல் சாய்ந்து அதைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் இளைப்பாறி, காலையில் கிளம்பிய மேட்டுநாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. நான்காவது கோட்டையும் விடங்கர் போட்டார்.

காலையில் தோட்டத்தில் நாற்பது வாழை நின்றது. இப்போது பதினொன்று. விடங்கர் சுருளை எடுத்துத் தனி அத்தியாயத்தைத் திறந்து பார்த்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு..."

"வருஷத்துக்கு ஐம்பத்து மூணு சுத்து," என்றார் குரு. "தண்ணியில கோளாறு இல்லை."

"ஆனா நாலு நாடும் பொய் சொல்லலையே அம்மையே."

"ஒருத்தரும் சொல்லலை. எல்லாரும் சரியாத்தான் எண்ணியிருக்காங்க."

மயிலாத்தா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு பரணுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஐயா, அந்தத் துணியில எங்க தோட்டம் எந்தக் கட்டத்துல வருதுங்க?"

விடங்கர் தேடினார். மேடு, பள்ளம், ஆறு, கரடு. நான்கு கற்களுக்கும் நடுவே கிடந்த அந்தத் துண்டு நிலம் எதிலும் இல்லை.

"நாலு நாட்டுக்கும் மனு கொடுத்துட்டேனுங்க. எல்லையைத் தாண்டிப் போனது எங்க பொறுப்பு இல்லைன்னுட்டாங்க. மதிப்பிட ஒருத்தர் வர்றாருன்னு அம்மா சொன்னாங்க, அதை நம்பித்தான் இருந்தேன். இன்னும் பத்து வருஷம் இப்படியேன்னா நான் மூட்டையைக் கட்டிடறேன். நாளைக்கு இந்தக் கன்னுங்களை நடறதா வேண்டாமா, அதை மட்டும் சொல்லிடுங்க."

விடங்கருக்குப் பல்லக்கு நினைவுக்கு வந்தது. கூடவே முழங்காலும் வலித்தது.

குரு கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கையை நீட்டினார். "கொடுங்க, வச்சுடறேன். காலையில சொன்னேனே."

விடங்கர் சுருளை நீட்டவில்லை. மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். குருவின் விரலில் சுண்ணாம்பு காய்ந்தது.

"அம்மையே, படிவம் மன்றம் கொடுத்தது. இதுல இருக்கிறதே நாலு கட்டம். வெளியே போன யானை எங்கே போச்சுன்னு எழுத இடமே இல்லையே."

செவ்வந்தியம்மை கலயத்தைச் சாய்த்து உள்ளே பார்த்து, அதைச் சுருளின் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒரு கோடு போடச் சுண்ணாம்பு இருக்கு," என்றார்.