பின்காற்று

கணக்கில் புலி என்று பேரெடுத்தவனுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

தாணுவுக்கு விமான நிலையத்தில் வேலை. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், விமானம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் போதும், டக்கென்று சொல்லிவிடுவான். அன்றைக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்து செண்பக அடிகள் முன்னால் நின்றான். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்தான். ஒருத்தர் காவி கட்டினார், மற்றவன் அவருக்குச் சீடனாகிவிட்டான்.

“சாமி, அம்மா உயிரைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கணும். அண்ணன் துபாய்ல பிளேன் ஏறிட்டான்.”

“எவ்வளவு தூரம்?”

“மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மணி நேரத்துல திருவனந்தபுரம். அப்புறம் நாகர்கோவிலுக்குக் கார்.”

“காத்தையும் கணக்குல சேத்தியா?”

“சேத்துட்டேன் சாமி.”

“பெரிய ஆளுதான்” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினார்.

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். “போற உயிருக்குக் காத்திருக்கத் தெரியுமா? இருக்கிறவன் பாலை ஊத்தட்டும்” என்றார் ஒரு பெரியப்பா. அடிகள் கிண்ணத்தில் பால் வாங்கி, ஸ்பூனைத் தாணுவிடம் நீட்டினார்.

“ஊத்து.”

தாணு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“பெத்த பிள்ளை கையால பால் இறங்கினா உயிர் நிம்மதியாப் போயிரும்பாங்க. நான் ஊத்த மாட்டேன். அண்ணன் வரட்டும்.”

“பக்கத்துல உக்காரவாவது செய்.”

“உக்காந்தா அழுதுருவேன் சாமி. நான் அழுதா அவளுக்கு விளங்கிரும்.”

பாவம், அம்மா படுக்கையில் கிடந்த அத்தனை வருஷமும் அவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது அவன்தான். அவளை அனுப்பிவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அண்ணனைச் சாக்காக வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

வாசல் நடையில் போய்த் தெருவைப் பார்த்து நின்றான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். செல்போனில் அண்ணனுடைய விமானம் கடல்மேல் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. வேகத்தைப் பார்த்தான், மிச்சத் தூரத்தைப் பார்த்தான், கணக்குப் போட்டான். திரும்பவும் போட்டான். உள்ளேயிருந்து யாரோ “தாணு” என்று கூப்பிட்டார்கள். “இருங்க, இருங்க” என்று கையைக் காட்டினான். மூன்றாவது தடவை போட்டபோது அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“சாமி! நெனச்சதைவிட வேகமாக் காத்து பின்னாலருந்து தள்ளுது. அரை மணி நேரம் முந்தியே இறங்கிருவான்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான்.

அடிகள் அம்மாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் பால் அப்படியே இருந்தது.

“ஐயோ, என்னைப் பெத்தவளே!” என்று கட்டிலில் விழுந்தான் தாணு. யார் தூக்கியும் எழுந்திருக்கவில்லை. அழுது அழுது குரல் கட்டிப்போன பிறகுதான் தலையை நிமிர்த்தினான்.

“போறப்ப அண்ணனைத் தேடினாளா, சாமி?”

அடிகள் அவன் தலைமேல் கையை வைத்தார்.

“வாசலைத்தான் பாத்துக்கிட்டே இருந்தா, தாணு. அங்க உன் முதுகு தெரிஞ்சுது.”